பேத்தை என்றொரு பட்டப்பேர்

கரைவலைக் கயிறு ஈரத்தோடு மணலில் குவிந்து கிடக்கும்போது பாசியும் உப்பும் வேர்வையும் கலந்து ஒரு வாடை எழும். அது மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் என் கன்னங்கள் இரண்டும் சுடத் தொடங்கிவிடும். சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அய்யாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததால் அபிராமத்துப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பாம்பன் கரைக்குக் குடிவந்திருந்தோம். கண்மாய்க் கெண்டையையும் அயிரையையும் தவிர வேறு மீன் அறியாத குடும்பம் எங்களுடையது.

அங்கே பள்ளிக்கூடத்தில் பட்டப்பேர் இல்லாத பிள்ளையே கிடையாது, அதுவும் எல்லாம் கடலிலிருந்து பிடித்து வந்த பேர்கள். ஒல்லியாக இருந்தவள் "நெத்திலி", கோணல் நடைக்காரன் "நண்டு", குள்ளமானவள் "காரப்பொடி". வசவுதான் என்றாலும் அதில் ஓர் ஒட்டுதல் இருந்தது. என்னை மட்டும் "காட்டுக்காரி" என்று சொல்லி ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அதனால், கோபம் வந்தால் கன்னம் உப்பிக்கொள்ளும் என்னை, பக்கத்தில் உட்காரும் முத்துராக்கு ஒருநாள் "பேத்தை" என்று கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அது என்ன மீன் என்று அவளிடமே கேட்டேன்.

"கடல்லயே அழகான மீனு புள்ள. அது வலையில விழுந்தா அன்னைக்கு மீன்பாடு குவிஞ்சிரும். எல்லாருக்கும் அந்தப் பேரு கெடைச்சிருமா?" என்றாள், சிரிப்பின் சாயல்கூட இல்லாமல்.

நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? அந்த ஊரில் எனக்கு வாய்த்த ஒரே சேக்காளி அவள்தான். ஒரு மிட்டாயைப் பாவாடையில் பொதிந்து காக்காய்க்கடி கடித்துப் பங்கு போட்டுத் தின்றவர்கள் நாங்கள். அன்றிலிருந்து யார் "பேத்தை" என்றாலும் ஓடிப்போய் நின்றேன், அவர்கள் சிரித்ததையெல்லாம் பிரியம் என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டிலும் சொன்னேன். அய்யாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, ஓலைக்கொட்டானை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். வலையை அப்போதுதான் கரையேற்றி மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். முத்துராக்கு தன் அப்பன் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, நல்ல பேத்தையாப் பாத்து ஒண்ணு குடுங்க. எம் மகளுக்கு அந்தப் பேருதான் வச்சிருக்காக," என்றார் அய்யா, என் தலையைத் தடவியபடி.

சிரிப்பென்றால் சிரிப்பு, கரையே சிரித்தது. முத்துராக்கின் அப்பன் மட்டும் சிரிக்காமல், "ஆத்தாடி, அது வெசமீனுய்யா! தின்னா ஆள முடிச்சுப்புடும், காக்கா கூடக் கொத்தாது," என்று காலடியில் கிடந்த ஒன்றை எட்டித் தள்ளினார். அது காற்றை இழுத்து வயிறு உப்பி உருண்டது. உடனே பிள்ளைகள் அதை உதைத்து விளையாட ஆரம்பித்தார்கள், என் பேரைச் சொல்லிச் சொல்லி. நான் முத்துராக்கைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துவாள் என்று நினைத்தேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பாதகத்தி, இன்னும் பலமாகச் சிரித்தாள்.

வெறும் கொட்டானோடு திரும்பினோம். பாதி வழியில் அய்யா, "ஆத்தா, ஒனக்கு யாரு அப்படிச் சொன்னது?" என்று கேட்டார். முத்துராக்கு என்றேன்.

"அந்தப் புள்ள ஒன் சேக்காளிதான?" என்றார்.

நெத்திலிக்கும் நண்டுக்கும் தங்கள் பேரின் அர்த்தம் தெரியும். பதிலுக்கு அவர்களும் வைது தீர்த்துக்கொள்ளலாம். எனக்கோ அவள் வசவைச் சீர்வரிசை மாதிரி கையில் கொடுத்து, என் அய்யாவையும் அதைத் தலையில் சுமக்க வைத்தாள். வயதானால் ஆறிவிடும் என்பார்கள், பச்சைப் பொய்.

இன்று அந்தக் கரையில் பிள்ளைகள் "லூசு" என்றும் "மொக்கை" என்றும் வைதுகொள்கிறார்கள். பேத்தை என்று யாரும் யாரையும் அழைத்து நான் கேட்கவில்லை. ஒழிந்தது சனியன். ஆனால் அதோடு என்னிடமும் ஒன்று போய்விட்டது. சென்ற வாரம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் என் புதுக் கண்ணாடியைப் பார்த்து, "கெத்தா இருக்கீங்க!" என்றாள். நல்ல பிள்ளைதான். இருந்தும் அவள் போனதும் என் மகளைத் தனியே கூப்பிட்டு, "கெத்துன்னா என்ன அர்த்தம்? நெசத்தைச் சொல்லு," என்று கேட்டேன்.

"நல்ல வார்த்தைதாம்மா," என்றாள்.

அவளையும் நான் முழுசாக நம்பவில்லை.