பாஸ்டரம்மாவுக்காக ஒரு ஜெபம்

எங்கள் சபையில் 'ஆமென்' சொல்ல யாரும் யோசிப்பதில்லை. ஜெபிக்கிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் இது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அப்பாவின் தங்கை, என் அத்தை, ஆனையூரில் எங்களோடு இருந்தாள். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள். முடக்குவாதம் வந்து விரல்கள் மடங்கிப்போனதும் வேலையை விட்டாள். அப்புறம் சர்ச்சுக்கு வருவதையும் விட்டாள். அவள் போகாததால் சர்ச்சே வீட்டுக்கு வந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், ஆளுக்கொரு சொந்தக்காரருக்கு இதே நோய் வந்த கதையைச் சொன்னார்கள். பாதிக் கதைகளில் சொந்தக்காரர் செத்துப்போனார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, டீயையும் குடித்துவிட்டுப் போவார்கள்.

"அழுதுக்கிட்டே வாராக. நாந்தான் அவுகளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கு" என்பாள் அத்தை.

பாஸ்டரின் மனைவி மட்டும் வேறு மாதிரி. பாஸ்டரம்மா மொபெட்டில் வருவார், கதை சொல்ல மாட்டார், அத்தை பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். இதற்குப் பெயர் கவுன்சலிங் என்றாள் அம்மா. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம், அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அத்தையும் பாஸ்டரம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். கதவு திறந்தபோது அத்தையின் முகம் அழுது வீங்கியிருந்தது. பாஸ்டரம்மாவின் கைப்பையில் அத்தையின் மாத்திரை டப்பா தெரிந்தது. அதன்பிறகு அவர் தினமும் வந்தார். அன்றைய மாத்திரையை மட்டும் அத்தைக்குக் கொடுத்துவிட்டு, டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். மிச்சத்தை அவரே தின்கிறார் என்று நான் முடிவுகட்டினேன். ஆளும் நல்ல பருமன். அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அத்தையிடம் கேட்டால், "வீட்ல யார்ட்டயும் மூச்சு விடாத" என்றாள். பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன்.

அடுத்தவர் குற்றத்தை ஆட்களிடம் பேசக் கூடாது, ஆண்டவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஞாயிறு பள்ளி அக்கா சொல்லித் தந்திருந்தார். எங்கள் சர்ச்சில் அதற்கென்றே ஒரு நேரம் உண்டு. ஆராதனை நடுவே யார் வேண்டுமானாலும் எழுந்து சத்தமாக ஜெபிக்கலாம். எழுந்தேன்.

"ஆண்டவரே, எங்க அத்தைக்கு வலியக் கொறைங்க."

"ஆமென்!"

"பாஸ்டரம்மா எங்க அத்தை மாத்திரையத் தூக்கிட்டுப் போயிர்றாங்க."

"ஆமென்!"

"அம்புட்டையும் அவங்களே திங்கிறாங்க. அவங்கள மன்னிச்சிருங்க."

இந்த முறை கடைசி வரிசையில் காது கேளாத தாத்தா ஒருவர் மட்டும் "ஆமென்" என்றார். மற்றவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பாஸ்டரே திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். பாஸ்டரம்மா எழுந்தார்.

"மாத்திரைய எடுத்துட்டுப் போனது நெசந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாஸ்டரம்மா மேலிருந்த கோபத்தில் அப்பா குதித்தார். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன்" என்றார். நடந்ததைக் கேட்ட அத்தையோ சிரித்தாள். அவள் சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது. "சபையே ஆமென் சொல்லுச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க, நாஞ் சொல்றேன்" என்று அப்பாவை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்த அப்பாவிடம் கோபத்தைக் காணோம். கண்கள் சிவந்திருந்தன. கோழிக் குழம்பில் பாதியைத் தூக்குச்சட்டியில் ஊற்றச் சொல்லி, பாஸ்டரம்மா வீட்டுக்கு அவரே கொண்டுபோனார். டப்பாவோடு திரும்புவார் என்று வாசலில் காத்திருந்தேன். வெறும் தூக்குச்சட்டியோடு வந்தார். திருடினால் கோழிக் குழம்பா என்று எனக்கு மனசே ஆறவில்லை. கோழிக்கால் வேறு அந்தப் பாதியோடு போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அத்தை சர்ச்சுக்கு வந்தாள். பாஸ்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னையும் இழுத்து வைத்துக்கொண்டாள். ஜெப நேரத்தில் நான் லேசாக அசைந்ததும், அந்த மடங்கிய விரல்களால் என் வாயைப் பொத்தினாள். விரல் முட்டி பல்லில் இடித்தது. நான் திமிறினேன்.

வாழவே வேண்டாம் என்று அத்தை நினைத்த நாட்கள் அவை. டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது என்று அவளேதான் அதை பாஸ்டரம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். நான் வளர்ந்த பிறகு அத்தையே சொன்னாள். என் வாயைப் பொத்த அந்தக் கை இருந்ததே பெரிய காரியம் என்று, திமிறிக்கொண்டிருந்த எனக்கு எப்படித் தெரியும்?