மேலே பிஸ்கட் அடுக்கவும்

“வெள்ளிக்கிழம மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பீச் காப்ளர் வேணும்க்கா. பன்னெண்டு பேருக்கு. மேல பிஸ்கட் போட்டது. செஞ்சு தருவீங்களா?”

புதன்கிழமை காலை 10.12க்கு என் தங்கையின் செல்போனுக்கு வந்த செய்தி இது. அன்று மாலையே எழுத்துக்கு எழுத்து என் டைரியில் பிரதி எடுத்துவைத்தேன். இரண்டு வருடங்களுக்கு முந்தைய மே மாதம் அது. கத்திரி முடிய இன்னும் நான்கு நாள் பாக்கி.

நான் ஆரணியில் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். டைரி எழுதுவது நெடுநாள் பழக்கம். மழை எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். உறுதியாகத் தெரியாத விஷயத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவேன். பிறகு விசாரித்து, சரியென்று தெரிந்தால் அழித்துவிடுவேன். அந்த வாரத்துப் பக்கங்களில் ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் இன்றைக்கும் அழியாமல் இருக்கிறது.

என் தங்கை பக்கத்திலுள்ள சேவூரில் இருக்கிறாள். மெடிக்கல் ஷாப் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்து கொடுக்க ஆரம்பித்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. பிறந்தநாள் கேக்குகள் வரும். வந்தால் ஒரே நாளில் மூன்று வரும். வராவிட்டால் பத்து நாளைக்கு ஓவன் மேல் துவைத்த துணிதான் மடித்து வைத்திருக்கும். “ஆவணி வரைக்கும் பாக்கறேன்க்கா. நிலையா ஒரு ஆர்டர் வரலன்னா ஓவன யாருக்காவது குடுத்துட்டு மறுபடியும் மாத்திர எண்ணப் போறேன்” என்று சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் இரண்டு முறை சொன்னாள்.

செய்தி அனுப்பியவர் ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் ஒரு பெரிய வீட்டின் மருமகள். ஆவணியில் அந்த வீட்டில் கல்யாணம் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அவர்களிடம் பட்டு வாங்க அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அந்த அம்மாவின் தாயார் வீட்டில் செய்யும் பலகாரமாம் இது. தாயார் கைப்பட எழுதிய செய்முறை அட்டையை எப்போதோ படம் பிடித்து மருமகளுக்கு அனுப்பியிருக்கிறார். அவரிடம் சொல்லாமல், விருந்தில் திடீரென்று அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டுமென்று மருமகளுக்கு ஆசை. அட்டையின் படமும் செய்தியோடு வந்திருந்தது.

பள்ளி விடுமுறை என்பதால் நான் தங்கை வீட்டில்தான் இருந்தேன். செல்போனை என்னிடம் நீட்டினாள். “அக்கா, நீதான் படிச்சவ. இது இன்னான்னு பாத்து தமிழ்ல எழுதிக் குடு.”

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் ‘காப்ளர்’. எனக்குத் தெரிந்த அர்த்தம் செருப்பு தைப்பவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தங்கையின் வீட்டுக்காரர் கிரீஸ் கையோடு தண்ணீர் குடிக்க வந்தவர், “அப்ப எந்த சைஸுன்னு கேட்டுக்கோ” என்றார். நான் விடவில்லை. பெரிய அகராதியை எடுத்துப் பார்த்து, பழத்தின் மேல் மாவு மூடி வேகவைக்கும் ஒரு பண்டத்துக்கும் அதே பெயர் உண்டு என்று கண்டுபிடித்தேன். அட்டையில் 375 டிகிரி என்று இருந்தது. அது பாரன்ஹீட் கணக்கு என்று புரிந்துகொண்டு, நம் ஓவனுக்கு 190 என்று மாற்றி எழுதினேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்து ‘பீச்’. பட்டு நெய்யும் ஊரில் பீச் என்ற சொல் தெரியாதவர் கிடையாது. ஆனால் அது இங்கே ஒரு கலர். பழக்கடைக்காரருக்கு போன் போட்டு, “பீச் கிடைக்குமாங்க?” என்று கேட்டேன். “ராங் நம்பரும்மா, பொடவைக் கட தெரு முனையில கீது” என்று சொல்லி வைத்துவிட்டார். கடைசியில் தங்கையின் வீட்டுக்காரர் வேலூர் வரைக்கும் வண்டியில் போய், பெரிய கடை ஒன்றிலிருந்து நான்கு டப்பா பீச் வாங்கிவந்தார். திறந்து பார்த்ததும் தங்கையின் முகம் மாறியது.

“அக்கா, இது பீச் இல்ல. இது மஸ்டர்டு கலர்.”

“டப்பால பீச்னுதான போட்டிருக்கு?”

“போட்டிருக்கட்டும். எந்த நெசவுக்காரன் கையில குடுத்தாலும் இத மஸ்டர்டுன்னுதான் சொல்லுவான்.”

பழத்தைப் பற்றிப் பேசுகிறோமா, முந்தானையைப் பற்றிப் பேசுகிறோமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அட்டையின் கடைசி வரிகளை நான் தமிழில் இப்படி எழுதியிருந்தேன்: ‘மேலே பிஸ்கட்டை அடுக்கவும். பிஸ்கட் உப்பிப் பொன்னிறமாகும்வரை வேகவிடவும்.’ தங்கை அதை இரண்டு முறை படித்தாள்.

“ஏன்க்கா, பிஸ்கட்டு ஏற்கெனவே வெந்ததுதான? அத எதுக்கு மறுபடியும் வேகவெக்கணும்?”

“எழுதியிருக்கறத செய்.”

“அதுவும் உப்புமாமே. பிஸ்கட்டு எப்படி உப்பும்?”

“பழச்சாறு ஊறும் இல்ல? ஊறினா உப்பும்.”

“டீல தோச்சா உப்பி உள்ள விழுந்துடுதே, அந்த மாதிரியா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நூறு வார்த்த படிச்சு மொழிபெயர்த்தவளுக்கு பிஸ்கட்னா என்னன்னு தெரியாதா?” என்றேன். “அவங்களையே ஒரு வார்த்த கேட்டுடலாமே” என்றாள். கூடவே கூடாது என்று தடுத்தேன். பெரிய இடம், அங்கிருந்து வரும் முதல் ஆர்டர், இதுகூடத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்பது என் வாதம். அவளும் செல்போனைக் கீழே வைத்துவிட்டாள். அப்படி வைக்கச் சொன்னதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வியாழக்கிழமையைப் பற்றி டைரியில் இரண்டு பக்கம் இருக்கிறது. 11.20க்கு முதல் முயற்சி, மேரி பிஸ்கட். நடுவில் களியாகிப் பழத்துக்குள் இறங்கிவிட்டது. ஓரத்தில் கருகிவிட்டது. 2.45க்கு இரண்டாவது முயற்சி, பேக்கரியிலிருந்து வாங்கிவந்த வெண்ணெய் பிஸ்கட். அதன் வெண்ணெயெல்லாம் உருகி மேலே மிதந்தது. 5.10க்கு மூன்றாவது முயற்சி. இந்த முறை பிஸ்கட்டைப் பொடித்துத் தூவினோம். அது பாதி வெந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. 6.35க்குத்தான் வந்தது. அதற்குள் தட்டில் இருந்தது சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைத் திட்டினேன். ஓவனைத் திட்டினேன், டப்பாவைத் திட்டினேன், மின்சார வாரியத்தைத் திட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் எந்நேரமும் வண்டியை உறுமவிட்டதற்காகத் தங்கையின் வீட்டுக்காரரையும் விடவில்லை. நான் மொழிபெயர்த்து எழுதிய ஒரு பக்கக் காகிதத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. மூன்றாவது தட்டை ஸ்பூனால் சுரண்டிப் பார்த்த தங்கையின் வீட்டுக்காரர், “இத ஒர்க்‌ஷாப் தரையில பூசிக்கறேன், பள்ளம் ஒண்ணு கீது” என்றார். நான் சிரிக்கவில்லை. தங்கையும் சிரிக்கவில்லை. ஓவனைத் துடைத்தாள். துடைத்த துணியை மடித்து, பழைய வழக்கப்படி ஓவன் மேலேயே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை 9.40. நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“...இல்லீங்க, எந்த பிஸ்கட்டுன்னு எனக்குப் புரியல. நேத்து மூணு தடவ செஞ்சு மூணும் வீணாப் போச்சுங்க. அதான் வெக்கத்த விட்டு கேக்கறேன்.”

வெட்கத்தை விட்டாளாம். நான் கதவருகில் கூசிப்போய் நின்றேன். இவ்வளவையும் இப்படியா போட்டு உடைப்பாள்? அந்தப் பக்கத்தில் மருமகள் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் இன்னொரு படம் வந்தது. அந்த அட்டைக்குப் பின்பக்கம் ஒன்று இருந்திருக்கிறது. அனுப்ப மறந்துவிட்டாராம்.

தங்கை செல்போனை நீட்டினாள். பின்பக்கத்தின் தலைப்பே ‘பிஸ்கட்’தான். அதன் கீழே மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய், பால். பிசைந்து, உருண்டை உருண்டையாகச் சூடான பழத்தின் மேல் போட வேண்டும். நான் சத்தமாகப் படித்து முடித்தேன்.

“அக்கா,” என்றாள் தங்கை மெதுவாக, “இது பன்னுக்கா.”

ஆமாம், பன்தான். அமெரிக்காவில் அதற்குப் பெயர் பிஸ்கட். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டிய நான், தெரிந்த சொல்லுக்குப் புரட்டவே இல்லை. பிஸ்கட் எப்படி உப்பும் என்று அவள் கேட்டபோது அந்த ஒரு வார்த்தையைப் பார்த்திருந்தால் மூன்று டப்பா பிழைத்திருக்கும்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீ பாத்துகினு நிக்காத, ஃப்ரீஸர்ல வெண்ணெய வை, ஜல்தி” என்று மட்டும் சொன்னாள். கத்திரி வெயிலில் அடுப்படியில் வெண்ணெய் எண்ணெயாகத்தான் நிற்கும். அவள் அதைக் கல்லாக உறையவைத்து, கேரட் துருவும் பலகையில் துருவி மாவில் உதிர்த்தாள். அட்டையில் அப்படி எழுதியிருக்கவில்லை.

பழம்தான் இடித்தது. ஒரே ஒரு டப்பாதான் மிச்சம், பன்னிரண்டு பேருக்குப் போதாது. அவள் கூடையிலிருந்து ஐந்து மாம்பழத்தை எடுத்தாள். ரொம்பவும் கனியாததாக அமுக்கிப் பார்த்து எடுத்து, துண்டு போட்டு டப்பாப் பழத்தோடு சேர்த்தாள்.

“அப்புறம் அது எப்படி பீச் காப்ளர் ஆகும்?” என்றேன்.

“ஆவாது. சொல்லிட்டா போச்சு.”

“சொல்லாதடி! கலந்தா யாருக்குத் தெரியப்போவுது?”

“நேத்து முழுக்க யாரையும் கேக்காதன்ன. இன்னிக்கி யாருகிட்டயும் சொல்லாதன்ற. நீ கொஞ்ச நேரம் பேப்பர் படி, போ.”

மாவு கையோடு முழங்கையால் செல்போனைத் தள்ளி, பாதி மாம்பழம் என்று குரல் செய்தி அனுப்பினாள். ‘ஓகே’ என்று பதில் வந்தது. அந்த ‘ஓகே’ சந்தோஷமா சலிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. அவள் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை.

11.50க்கு ஓவனிலிருந்து தட்டு வெளியே வந்தது. உருண்டைகள் நிஜமாகவே உப்பி, மேலே வெடித்து, இடுக்குகளில் பழச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. தங்கையின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இது தரையில பூசறதுக்கு ஆவாது” என்றார். தங்கை முதல்முறையாகச் சிரித்தாள். “இப்பதாங்க பீச் கலர்” என்றாள்.

அவர் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து மடியில் மூன்று துண்டு மடித்து, அதன் மேல் சூடான தட்டைப் பிடித்துக்கொண்டு ஆரணிக்குப் போனேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் கத்தினேன். “நீங்க கத்தறதுலதான் வண்டி ஆடுது” என்றார் அவர். 12.25க்கு அந்த வீட்டு வாசலில் சமையல்காரம்மா தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். என் தொடை இரண்டும் சிவந்திருந்தன.

மாலை 4.30க்கு அந்த வீட்டு கார் டிரைவர் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கழுவிய தட்டு. சற்று நேரத்தில் மருமகளிடமிருந்து செய்தியும் வந்தது: “சூப்பர்க்கா. அந்தம்மா ரெண்டு தடவ கேட்டு வாங்கி சாப்ட்டாங்க. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.” தங்கை அதைப் படித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்த நேரத்தில் டிரைவர் வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். பழக்கதோஷம், விசாரித்தேன்.

“அந்த வெளிநாட்டம்மாவா?” என்றார். “அவங்க மதியம் சாப்பாடே தொடலீங்களே. வயிறு சரியில்லன்னு ரூம்லயே இருந்தாங்க. இத நாங்க, சமையக்கட்டுல, வீட்டுப் புள்ளைங்கன்னு எல்லாரும்தான் சாப்ட்டோம். சூப்பரா இருந்துதுங்க.”

ஆவணிக் கல்யாணத்துக்கு அதே பண்டத்தைக் கேட்டார்கள், முழுக்க மாம்பழத்திலேயே. அந்தப் பருவத்தில் நல்ல மாம்பழம் கிடைக்காது என்று நேராகவே சொல்லி, படவேட்டு வாழைப்பழத்தில் செய்து கொடுத்தாள். அதன் பிறகு ஓவன் மேல் துணி மடித்து வைக்க இடமிருக்கவில்லை. ஊரில் அதற்குப் பெயர் ‘பழ பன்’. ‘காப்ளர்’ என்று யாரும் சொல்வதில்லை.

டிரைவர் சொன்னதை அன்றே தங்கையிடம் சொல்லிவிட்டேன், மறைக்க மனம் வரவில்லை. மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாமா என்றேன். எதையும் வெட்கமில்லாமல் கேட்கிறவள், “அத மட்டும் கேக்காதக்கா” என்றாள்.

அதனால் கேட்கவில்லை. அந்த அம்மா தன் தாயாரின் பண்டத்தைச் சாப்பிட்டாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. டைரியில் மருமகளின் செய்திக்குப் பக்கத்தில் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் நன்றாகத் தெரிந்த சொல்லைத்தான் முதலில் அகராதியில் பார்க்கிறேன், ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் அழிப்பானையும் எடுப்பதில்லை, யாரையும் விசாரிப்பதுமில்லை.