சந்தனம் வைக்காத கம்பி

கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் பஞ்சு கோடவுனில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற ஒரே பொம்பளை நான்தான். அதற்கு முன்னால் அங்கேயே கழிவுப் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்தேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு குனிந்தே கிடந்தவள், அந்த மஞ்சள் வண்டியில் ஏறி உட்கார்ந்த அன்றைக்குத்தான் கோடவுனுக்கு இவ்வளவு உயரத்தில் கூரை இருப்பதையே நிமிர்ந்து பார்த்தேன். அதனால் வண்டியைப் பழசு என்று யார் சொன்னாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

பழசுதான், இல்லை என்று சொல்லவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இருமும். சீட்டு கிழிந்த இடத்தில் என் சேலையை மடித்துப் போட்டிருக்கிறேன். ஆனால் தினமும் ஆயில் பார்ப்பேன், சங்கிலிக்குக் கிரீஸ் வைப்பேன், ரேடியேட்டரில் அடையும் பஞ்சை ஊதி எடுப்பேன். அதுவும் என்னைக் கைவிட்டதில்லை.

போன வருட ஆயுத பூஜை முடிந்து சில வாரம் இருக்கும். தூக்கி நிறுத்திய பஞ்சுப் பொதி, நாங்கள் பேல் என்போம், நின்ற இடத்தில் நிற்காமல் மெல்லத் தானாகவே இறங்க ஆரம்பித்தது. தூக்குகிற சிலிண்டரின் வாயில் ஆயில் கசிந்தது. மேனேஜர் வந்து பார்த்தார்.

"எம்மா, ஆளு தலைக்கு மேல பேல் நிக்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? இதக் காயலான் கடைக்குப் போட்டுருவோம். புது வண்டி வருது, ஓட்டுததுக்கு ஆளும் வண்டிக் கம்பெனிக்காரவியளே அனுப்புதாவ."

"அப்ப நான்?"

"ஒனக்குப் பழைய வேலதான் இருக்கே."

அவர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க சார். பிரிச்சே பாக்காமத் தூக்கிப் போடப்படாது. சரியாகலேன்னா நானே எறங்கிப் போயி வாருகோல எடுத்துக்கிடுதேன்."

"ஒரே ஒரு ஞாயிறுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கயத்தாறில் லாரிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரை வரச்சொன்னேன். முட்கரண்டி போன்ற அந்த ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, சங்கிலியைக் கழற்றி, சிலிண்டரிலிருந்து ராடை வெளியே எடுத்தோம். பளபளவென்று இருக்கும் அந்தக் கம்பி ஏறி இறங்கித்தான் பாரத்தைத் தூக்குகிறது. சிலிண்டர் வாயில் இருக்கும் ரப்பர் சீல்தான் ஆயிலை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்தச் சீல் கிழிந்து, மடிப்பில் கெட்டியாக ஏதோ அடைந்திருந்தது. மெக்கானிக் அதை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"யக்கா, சந்தனமுல்லா மணக்குது? ராடுக்குப் பட்டை போட்டியளா?"

போட்டோம். பூஜையன்று கோடவுனே கூடிப் போட்டது. பளபளப்பான இடமாகப் பார்த்து, மேனேஜர் தொடங்கி லோடுமேன் வரை ஆளுக்கொரு பூச்சு, அதன் மேல் குங்குமம். அதில் கரிசல் புழுதி ஒட்டிக் காய்ந்து, கம்பி இறங்கும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி சீலை அறுத்திருக்கிறது. வயதாவது ஒன்றாவது! கும்பிட்டே கெடுத்திருக்கிறோம்.

கம்பியைத் தேய்த்துத் துடைத்து, புதுச் சீல் போட்டு, ஆயில் ஊற்றினோம். திங்கட்கிழமை, கீழே யாரையும் விடாமல் சுற்றிலும் கயிறு கட்டி, இருப்பதிலேயே கனமான பேலைத் தூக்கி நிறுத்தினேன். அது நின்ற உயரத்தில் மேனேஜர் கையாலேயே சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், பேல் கோட்டை விட்டு நகரவில்லை.

"சரிம்மா, இது ஓடட்டும்" என்றார்.

"புது வண்டி வந்தாலும் வரட்டும் சார். அதயும் நான்தான் ஓட்டுவேன்."

அவர் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போனார். புது வண்டி வரவே இல்லை.

இந்த வருட ஆயுத பூஜையன்று விடிந்ததும் போய், பழைய சேலைத் துணியால் கம்பியை இறுக்கிச் சுற்றிவிட்டேன். மேனேஜர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பழக்கதோஷம், கை நேரே அங்கேதான் போனது. நான் குறுக்கே நின்றேன்.

"அதுல வேண்டாம் சார்."

"பெறகு எங்கனம்மா வைக்க?"

நான் சீட்டைக் காட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் முதுகு சாய்க்கும் இடத்தில் பட்டையாகப் பூசி நடுவில் குங்குமம் வைத்தார். கறை இன்னும் போகவில்லை. அதில் சாய்ந்துதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.