தூணுக்கு எழுதியவன் போனுக்கு எழுதிய கதை

பாகூரில் கல்யாண மண்டபம் நடத்தும் ஓர் அம்மா தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டிய அன்றுதான் நான் வெப்சைட் தொழிலைக் கற்கத் தொடங்கினேன். அதற்கு முன்பே அவருக்கு ஒன்று செய்து கொடுத்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

"இன்னாண்ணே இது, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாரி இருக்குது? பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி தொறந்து காட்டிட்டுத் திருதிருன்னு முழிச்சேன்."

நான் எட்டாவதோடு நின்றவன். வில்லியனூர் முதல் தவளக்குப்பம் வரை கடை போர்டு, மதில் சுவர் விளம்பரம் எல்லாம் என் கைதான். பிரஷ் போய் ஃப்ளெக்ஸ் வந்தபோது, கூட எழுதியவர்கள் வேறு வேலை தேடினார்கள். நான் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, யார் தயவும் இல்லாமல் போட்டோஷாப் கற்றேன். அந்தத் தெம்பில்தான் வெப்சைட்டையும் ஒப்புக்கொண்டேன்.

ஃப்ளெக்ஸ்காரனுக்கு அளவு தெரியாமல் கை ஓடாது. என் மானிட்டரின் அகலத்தையே அளவாக வைத்து மண்டப முகப்பு, சாப்பாட்டு ஹால், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே படமாகச் செய்து ஏற்றிவிட்டேன். கடையில் பார்த்தால் ராஜா மாதிரி இருந்தது. போனிலோ அத்தனையும் உள்ளங்கைக்குள் சுருங்கிவிட்டது. நம்பரைத் தொட்டாலும் கால் போகாது. அது வெறும் படம்.

"தை மாசத்துக்கு ஒரு தேதிகூட புக் ஆவல. வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா டவுன்ல ஆள் பாத்துக்கறேன்."

டவுன் ஆள் என்றது சுருக்கென்று தைத்தது.

வெப்சைட் வேலை சொல்லித்தரும் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். ரெஸ்பான்சிவ், மீடியா குவெரி என்றே பேசினார்கள். பிக்சலில் எழுதாதே, பர்சன்டேஜில் எழுது என்றார்கள். இரண்டு நாள் மண்டையில் ஏறவில்லை. மூன்றாம் நாள் கரியமாணிக்கம் போகும்போது, நான் எழுதிய உரக்கடை விளம்பரம் கண்ணில் பட்டது. மதில் சுவரில் ஒரே வரி. பக்கத்து கேட் தூணில் அதே சொற்கள் ஒன்றின்கீழ் ஒன்று. அகலம் குறைந்தால் எழுத்தைப் பொடியாக்கக் கூடாது, கீழே இறக்க வேண்டும். மீடியா குவெரி என்பது இவ்வளவுதான். முப்பது வருஷமாகச் செய்த வேலை, பெயர்தான் தெரியவில்லை.

பழைய படத்தைத் தூக்கிப் போட்டேன். முகப்பு, ஹால், வாடகை எல்லாம் ஒரே பக்கத்தில்; மெனுவைத் தொட்டால் அந்தந்த இடத்துக்கு நகரும். நம்பர் மட்டும் எப்போதும் அடியில் நிற்கும், தொட்டால் கால் போகும்.

வியாழக்கிழமை தவளக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் போன் கேட்டேன்.

"இன்னா பெருசு, ஓட்டு கேக்க வந்தியா?" என்றார் ஒருவர்.

"உன் போன்ல எங்க மண்டபம் நல்லா தெரியுதான்னு பாக்கணும்பா."

"தெரியுது. மொதல்ல பொண்ணு பாத்துக் குடு."

பதினாறு போன் பார்த்தேன். இரண்டில் ஹால் படம் வெளியே துருத்தியது. அன்றே சரி செய்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா தன் வீட்டுக்காரரின் பழைய சின்னப் போனை வாங்கிப் பக்கத்தைத் திறந்தார். கட்டைவிரலால் கடைசிவரை தள்ளினார். நம்பரைத் தொட்டார். மேஜைமேல் கிடந்த அவருடைய சொந்தப் போன் அடித்தது.

"போவுதுண்ணே" என்றார். டவுன் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. தை மாதத்துக்கு மூன்று கல்யாணம் அந்த நம்பரில்தான் வந்தது.

இன்றும் வெப்சைட் கேட்டு யார் வந்தாலும் முதலில் அவர் போனைத்தான் வாங்கிப் பார்ப்பேன். சுவரைப் பார்க்காமல் பிரஷ்ஷை நனைக்கக் கூடாது. காலேஜ் முடித்தவர்கள் பெரிய மானிட்டரில் டிசைன் செய்து என்னிடம் காட்ட வருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. தூணில் எப்படி வரும் என்று கேட்கிறேன்.