மதகுக்குத் தெற்கே நிற்கும் கல்

தளிப் பக்கம் எங்கள் ஊர்க் காட்டையொட்டி ஓர் ஏரி இருக்கிறது. குடிதண்ணீருக்கு மட்டும். மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. போன வருஷம் வனத்துறைக்காரர்கள் அதைச் சுற்றி வேலி போட்டுப் பூங்கா ஆக்கினார்கள். வாசலில் ஏரியின் வரலாறு என்று ஒரு பலகை வைக்கப்போவதாகவும், எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்படியும் வனவர் கேட்டார். அப்போதுதான் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்திருந்தேன்.

மேல்தெருவில் கன்னடம் பேசும் வீட்டார் தங்கள் முப்பாட்டன் கட்டியது என்றார்கள். தெலுங்கு பேசும் வீட்டார் இல்லை, எங்கள் முப்பாட்டன் என்றார்கள். மண் சுமந்த எங்கள் தெருவைப் பற்றி ஒருவனும் பேசவில்லை. எனக்கு எரிந்தது.

கரையை வீட்டுக்கு இத்தனை முழம் என்று பங்கு பிரித்து, வருஷம் ஒருமுறை மண் போடுவது அந்தக் காலத்து வழக்கம். பங்கு தொடங்கும் இடத்தில் கல் நட்டிருப்பார்கள். மதகுக்குத் தெற்கே தனியாக நிற்கும் கல்லை எங்கள் தெருக் கல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கரை கட்டியது நாங்கள்தான் என்று சொல்லி அதை வனவருக்குக் காட்டினேன். உடனே வெள்ளையடித்தார்கள். கரை கட்டியவர்கள் நினைவாக என்று அதில் எழுதுவதாகப் பேச்சு.

பெருமைப்படுவாள் என்று அம்மாவைக் கூட்டிப்போனேன். கல்லுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"இதுக்கு எதுக்குடா சுண்ணாம்பு அடிச்சீங்க?"

நம் பங்குக் கல் என்றேன்.

"நமக்கு ஏதுடா பங்கு? இந்தக் கல்லத் தாண்டக் கூடாது. கொடத்த வச்சிக்கிட்டு இங்கயே நிப்போம். மேல்தெருக்காரங்க மனசு வந்தா மொண்டு ஊத்துவாங்க."

அப்படியானால் கரை கட்டியது யார் என்று கேட்டேன். நாம்தான் என்றாள். மேல்தெருக்காரர்கள் அவரவர் பங்குக்கு நம்மைத்தான் அனுப்பினார்களாம்.

"அதுக்கு எவன் கல்லு நடுவான்?"

நான் சொன்னது உண்மை, காட்டிய கல் பொய். வனவரிடம் போய், எங்களை நிறுத்தி வைத்த கல் என்று அப்படியே எழுதுங்கள் என்றேன்.

"ஜனங்க புள்ளகுட்டியோட வர்ற எடம்ண்ணே. அதெல்லாம் வேணாம். கரை கட்டுனதுன்னே எழுதிக்கலாம், உங்களுக்கும் கௌரவம்."

அப்படி ஒரு மயிரும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது பலகையில் இரண்டு முப்பாட்டன்களும் இருக்கிறார்கள். நாங்கள் இல்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு ஜோடி ஜோடியாகப் படம் எடுக்கிறார்கள். நான் செய்தது ரோஷமா, முட்டாள்தனமா? அம்மாவிடம் கேட்டேன். சோறு ஆறுகிறது, சாப்பிடு என்கிறாள்.