உப்பளக்காரருக்கு உப்பு கிடையாது

போன மாதம் மில்லர்புரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் உப்பளம் வைத்திருப்பவர். நான் நர்ஸ் என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"கண்ட நேரத்துல வாரவளுக்கெல்லாம் வீடு கிடையாது" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இன்று காலை இதய வார்டில் டூட்டிக்குப் போனால், ஜன்னலோரக் கட்டிலில் அதே அண்ணாச்சி. இதயம் பலவீனமாகி, காலெல்லாம் நீர் கோத்து, மூச்சு வாங்கியபடி படுத்திருக்கிறார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது.

உப்பில்லாத கஞ்சியும் அளந்து கொடுக்கும் தண்ணீரும் டாக்டர் சொன்னவை. அதில் துளிகூட இளகாதது மட்டும் என் சொந்தச் சரக்கு.

"ஏளா, உப்பளம் வச்சிருக்கவனுக்கே உப்பு கிடையாதா?"

"கிடையாது அண்ணாச்சி."

மதியம் அவர் மனைவி கொண்டுவந்த டிபன் பாக்ஸில், சோற்றுக்கு அடியில் வறுத்த நெத்திலிக் கருவாடு. அந்த வாசனையை என்னிடமா மறைக்க முடியும்? நானும் இந்த ஊர்க்காரிதான். அவர் கை வைப்பதற்குள் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் உற்றுப் பார்த்தார். "நீ வீடு கேட்டு வந்த பிள்ளைல்லா?"

"ஆமா அண்ணாச்சி. நாளையிலேருந்து எனக்கு நைட் டூட்டி. கருவாடு வருதான்னு பாக்க, கண்ட நேரத்துல வருவேன்."

கருவாட்டை நர்ஸ்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டோம். பிரமாதம். அந்த அம்மாவிடம் பக்குவம் கேட்டால் கொஞ்சம் ஓவராகிவிடுமோ? நீங்களே சொல்லுங்கள்.