மழிக்க விடாத வயிறு

என் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம். எனக்கும்தான், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவள் நாய்களுக்கு ஸ்கேன் எடுக்கிற டாக்டர். நான் மேஜையில் நாயைப் பிடித்துக்கொள்கிற ஆள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டு வருடக்கணக்காக அந்த இருட்டறையிலேயே கிடக்கிறாள். கண்ணாடி தடித்துவிட்டது, வலது தோள் இறங்கிப்போய்விட்டது. எத்தனையோ கடி பட்டும் ஒரு நாயையும் திட்டியதில்லை. திட்டெல்லாம் கூட வருகிறவர்களுக்கு.

அன்றைக்கு ஒரு பெரியவர் கொண்டுவந்தது, தரையைக் கூட்டுகிற அளவுக்கு வெள்ளை முடி வளர்ந்த நாய். தின்றதை எல்லாம் வாந்தி எடுக்கிறது, இளைக்கிறது. அக்கா கையால் அழுத்தியபோதே வயிற்றில் கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேனுக்காக வயிற்று முடியை மழிக்க மெஷினை எடுத்தாள். அவர் குறுக்கே கையை நீட்டினார். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணமாம், நாயும் கூட நடந்து வருமாம், முடி போனால் படம் நன்றாக வராதாம். முடிமேலேயே ஜெல்லைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தாள். முடிக்குள் காற்று நின்றால் ஸ்கேனில் என்ன தெரியும்? மண்ணாங்கட்டி தெரியும். குடலின் சுவர் கோடு கோடாக அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். கோடுகள் அழிந்திருந்தால் புற்றாக இருக்கலாம், இப்போதே கண்டுபிடித்தால் வெட்டி எடுக்க வழி உண்டு என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள்.

"கல்யாணம் முடியட்டும் டாக்டர், மறுநாளே கூட்டிட்டு வர்றேன்" என்று நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சொன்னபடி வந்தார். நான் தூக்கியபோது கையில் முடிதான் இருந்தது, நாயைக் காணோம். அக்கா மழித்தாள். கோடுகள் மொத்தமும் அழிந்திருந்தன. ஈரலிலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. ஊசியால் எடுத்த துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினாள்; புற்று என்றே வந்தது. முடிவைக் கேட்க வந்தவரிடம், இனி வெட்டிப் பயனில்லை, வலிக்கு மருந்து தரலாம், அவ்வளவுதான் என்றாள்.

அவர் அழவில்லை. ஃபோனை எடுத்துக் கல்யாணப் படத்தைக் காட்டினார். மணப்பெண்ணின் காலடியில் நாய் முன்னங்கால்களை நீட்டித் தரையோடு தாழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

"என் பொண்ணைக் கும்பிடுது பாருங்க டாக்டர். அன்னைக்குப் பூரா இப்படியே செஞ்சுக்கிட்டிருந்துச்சு."

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கும்பிடல சார். வயித்துவலி தாங்க முடியலன்னா நாய் இப்படித்தான் நிக்கும்."

ஃபோனை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மருந்து எழுத உட்கார்ந்தாள். எனக்கு அவர்மேல் இரக்கமே வரவில்லை. அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேர்மேலும் பற்றிக்கொண்டு வந்தது.